கழுத்துக்குத் திரும்பிய ஊர்

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்திலேயே துளசிமணி இந்தக் கதையை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. கிழக்கு என்று சொல்ல வேண்டிய இடத்தில் வாய் தவறி மேற்கு என்று சொல்லிவிட்டால், அதைக் கேட்டு எங்கேயாவது ஒரு வீடு மறுபடி அசைந்துவிட்டால், அந்த வீட்டு அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தால், அடுப்புக்குப் பக்கத்தில் கைக்குழந்தை உட்கார்ந்திருந்தால் என்று ஒன்றன் பின் ஒன்றாக நினைத்துக்கொண்டு, ஆரம்பித்த இடத்திலேயே நிறுத்தி, "எதுக்குங் வம்பு, நிலோபரு நல்லாச் சொல்லுவா, அவகிட்டயே கேட்டுக்கங்க" என்று எழுந்து போய்விடுவாள். ஆனால் நிலோஃபர் சொல்ல ஆரம்பித்ததும் திரும்பி வந்து பக்கத்தில் நின்று, "அது செவ்வாக்கிழமை இல்ல கண்ணு, புதன்" என்பாள். அப்படித் திருத்தித் திருத்தி வெளியே வந்த கதை இது. கிழக்கும் மேற்கும் இரண்டு முறை சரிபார்க்கப்பட்டிருக்கின்றன.

காரைமேடு என்பது கோயம்புத்தூருக்கு மேற்கே மலையைப் பார்த்துப் போகிற சாலையில் நாலே நாலு தெரு. ஒரு மாரியம்மன் கோயில், ஒரு பள்ளிவாசல், ஒரு மாவு மில், வெளிப்பூச்சு பாதியில் நிற்கிற ஓர் ஏழு மாடிக் கட்டடம், அவ்வளவுதான் ஊர். மாவு மில்லுக்கு மேல்மாடியில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு விஆர் ஹெட்செட்டுக்குப் படம் செய்தார்கள். கீழே மிளகாய் அரைத்தால் மேலே இருக்கிற எல்லோரும் வரிசையாகத் தும்முவார்கள். மற்றபடி நல்ல இடம். துளசிமணிக்கு அங்கே கூட்டிப் பெருக்கி, டீ வாங்கிக் கொடுக்கிற வேலை. ஹெட்செட்டை அவள் கண்ணுப்பெட்டி என்பாள். அந்தக் கண்ணுப்பெட்டியைத் தலையில் மாட்டிக்கொண்டால், முட்டி தேய்ந்து மலையேற முடியாதவர்களும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே மலையேறி, அருவியைப் பார்த்து, சாமி கும்பிட்டு இறங்கலாம். அதற்குத்தான் அந்தப் பிள்ளைகள் ராப்பகலாக உழைத்தார்கள்.

படத்துக்குள்ளே ஒரு கேமரா இருக்கிறதாம். கண்ணுக்குத் தெரியாத கேமராவாம். மாட்டியிருப்பவர் கழுத்தைத் திருப்பினால் அதுவும் கூடவே திரும்ப வேண்டுமாம். அது ஓர் இமைப்பொழுது பிந்தினாலும் சரி, ஆள் சும்மா இருக்கும்போது தானாகத் திரும்பினாலும் சரி, மாட்டியிருப்பவருக்குக் குடல் வாய்க்கு வந்துவிடுமாம். இந்தக் கேமராவைப் பார்த்துக்கொள்வது நிலோஃபரின் வேலை. போத்தனூர்ப் பெண், இருபத்தாறு வயது, சாப்பாட்டை மறந்துவிட்டு வேலை செய்கிற ஜாதி. அவளுக்கு இருந்த ஒரே தொல்லை, அங்கே இருந்த பிள்ளைகள் எல்லோரும் சின்ன வயசிலிருந்து கேம் விளையாடி வளர்ந்தவர்கள் என்பது. அவர்களைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டாலும் டீ குடிப்பார்கள். அவர்கள் மாட்டிப் பார்த்துவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். வெளியே கொண்டுபோய் ஒரு பெரியவருக்கு மாட்டினால், அவர் முதல் வளைவிலேயே வாந்தி எடுத்தார்.

துளசிமணி ஐந்தாவதுக்கு மேல் படிக்காதவள். ஆறாவதுக்குப் பக்கத்து ஊருக்குப் பஸ்ஸில் போக வேண்டும், பஸ்ஸில் ஏறினால் வாந்தி, அதனால் படிப்பு ஐந்தோடு நின்றது. நாற்பத்தேழு வயதிலும் முந்தானையில் எலுமிச்சம்பழம் முடிந்துகொள்ளாமல் பஸ் ஏறமாட்டாள். ஒரு நாள் டீ டம்ளரோடு வந்தவளை நிலோஃபர் நிறுத்தினாள்.

"அக்கா, உங்களுக்கு லிஃப்ட்ல போனாத் தலை சுத்துமா?"

"லிஃப்டைப் பாத்தாலே சுத்துங் கண்ணு."

"ஊஞ்சல்?"

"அடுத்தவங்க ஆடறதப் பாத்தாலும் சுத்தும்."

"யா அல்லா, கிடைச்சுட்டீங்க" என்று நிலோஃபர் எழுந்து கைதட்டினாள்.

அன்றிலிருந்து துளசிமணிக்குப் பெருக்குகிற வேலை போய், தலை சுற்றுகிற வேலை வந்தது. மாட்டுவதற்கு முன்னால் பூவை எடுக்கச் சொன்னார்கள், எடுத்தாள். கம்மலை எடுக்கச் சொன்னார்கள், எடுத்தாள். "மூக்குத்தியும் வேண்டாங்க்கா, உள்ள இருக்கிற ஸ்பாஞ்சு அழுத்தும்" என்றாள் நிலோஃபர். பதின்மூன்று வயதில் போட்ட மூக்குத்தி, பிரசவத்துக்குக்கூடக் கழற்றாதது. துளசிமணி தயங்கித் தயங்கித் திருகைக் கழற்றி, தாலிக்கயிற்றில் கிடந்த ஊக்கில் கோத்துக்கொண்டாள். தினமும் போட்டுக் கழற்றினால் திருகு தொலைந்துவிடும் என்று பயந்து, அப்புறம் போடாமலே விட்டுவிட்டாள். இந்த இடத்தை யாரும் மறந்துவிடக் கூடாது.

தொண்ணூறு நாள் அவள் கண்ணுப்பெட்டிக்குள் மலையேறினாள். அவள் வாயிலிருந்து வருவதை நிலோஃபர் அப்படியே எழுதிக்கொண்டாள். "நாந் திரும்புனா படம் வரோணும், படந் திரும்பி என்ற கழுத்த இழுக்கப்படாது." "கண்ணு மட்டும் அந்தப் பக்கம் போச்சுங், அதுக்குள்ள எதுக்கு மலை பறக்குது?" ஒரு தடவை நிலோஃபர், "இப்போ பரவால்லையாக்கா?" என்று கேட்க, துளசிமணி நம்மூர் வழக்கப்படி சரி என்று தலையை இரண்டு பக்கமும் ஆட்டினாள். தலை சாய்ந்தால் முன்னால் போக வேண்டும் என்று யாரோ ஒரு பிள்ளை கம்ப்யூட்டரில் எழுதி வைத்திருந்ததால், ஒரு சரிக்கு இரண்டு பள்ளத்தாக்கைத் தாண்டிப் பறந்துபோய் அருவிக்குள் விழுந்து, "ஐயோ என்ற சேலை!" என்று கத்தினாள். சேலை நனைந்திருக்கவில்லை. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, அதையும் மாற்றினார்கள்.

தொண்ணூறாவது நாள், அது புதன்கிழமை, துளசிமணி மலையேறி இறங்கி, கண்ணுப்பெட்டியைக் கழற்றி, எலுமிச்சம்பழத்தைத் தேடாமல் எழுந்து நின்றாள். "ஒண்ணுமே சுத்தலை கண்ணு. அது பாட்டுக்கு இருக்குது, நாம் பாட்டுக்குப் பாக்கறேன்" என்றாள். நிலோஃபர் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அன்று சாயங்காலம் துளசிமணி கீழே இறங்கி வந்து, சாலையோரத்தில் நின்று, பஸ் வருகிறதா என்று இடது பக்கம் கழுத்தைத் திருப்பினாள். கழுத்துக்கு ஏற்ப ஊர் திரும்பியது. சாலையும் சாலைமேல் இருந்த பஸ்ஸும், டீக்கடையும் டீக்கடை பெஞ்சும், பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்களும், கோயிலும் கோயில் மணியும், மாவு மில்லும் மேலே இருந்த கம்ப்யூட்டர்களும், காயப்போட்ட துணிகளும் துணிகளுக்குள் இருந்த காற்றும், திருவிழா ராட்டினம் மெதுவாகக் கிளம்புகிற மாதிரி ஒரு சுற்றில் கால்பங்கு வந்து, அவள் முகத்துக்கு நேரே நின்றன. டீ மாஸ்டர் ஆற்றிய டீ டம்ளருக்கு வெளியே ஒரு முழம் தள்ளிக் கொட்டியது. பஸ் கண்டக்டர் தலையை வெளியே நீட்டி, "யாருங்க அது திரும்புனது?" என்று கேட்டார்.

"நாந்தானுங்" என்றாள் துளசிமணி.

"சொல்லீட்டுத் திரும்புங்க்கா, ஆளு நிக்கறாங்க" என்று சொல்லி அவர் விசிலடித்தார்.

காரணத்தை யாரும் ரொம்ப நேரம் தேடவில்லை. தேடுவதற்கு நேரம் இல்லை, அத்தனை வேலை இருந்தது. முதல் வாரத்திலேயே ஊர் அதன் சட்டதிட்டங்களைக் கண்டுபிடித்துவிட்டது. துளசிமணி உடம்போடு சேர்ந்து திரும்பினால் ஒன்றும் ஆகாது. கழுத்து மட்டும் திரும்பினால்தான் ஊர் திரும்பும். கழுத்தை நேராக்கினால் ஊரும் பழைய இடத்துக்கு வந்துவிடும். குனிந்தால் ஊர் முன்னால் சரியும், நிமிர்ந்தால் பின்னால் சாயும். எல்லாவற்றிலும் மோசம் அவள் சரி என்று தலையாட்டுவது. ஒரு சரிக்கு ஊர் இரண்டு பக்கமும் ஆடி, குடங்கள் உருண்டு, ஆட்டுக்குட்டிகள் சறுக்கி, மளிகைக் கடைத் தராசில் பருப்பும் படிக்கல்லும் இடம் மாறின. அதனால் துளசிமணியிடம் ஆமாம் இல்லை என்று பதில் வருகிற கேள்வியை யாரும் கேட்கக் கூடாது என்று ஊரே முடிவு செய்தது. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்கப் பழகினார்கள். மறந்துபோய் யாராவது "சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டால், தெருவில் இருக்கிறவர்கள் எல்லோரும் கரண்டுக் கம்பத்தைப் பிடித்துக்கொள்வார்கள்.

வடகம் போட்டவர்கள் வெயில் நகரும்போதெல்லாம் ஆள் அனுப்பினார்கள்: "கொஞ்சம் வலக்கைப் பக்கம் பாருங்க்கா, இன்னும் ஒரு மணி நேரம் காயட்டும்." பள்ளிவாசல் மோதினார் பாங்கு சொல்வதற்கு முன்னால் தானே வந்து, "அம்மா, தொழுகை முடியற வரைக்கும் கழுத்து நேரா இருக்கட்டும்மா" என்று கேட்டுக்கொண்டு போவார். கோயில் பூசாரி தீபாராதனைக்கு முன்னால் வருவார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்துவிட்டால், "நீங்க முதல்ல சொல்லுங்க", "இல்லீங்க நீங்க சொல்லுங்க" என்று விட்டுக்கொடுத்து, கேட்பது ஒரே விஷயம்தான் என்று தெரிந்து சேர்ந்து டீ குடிக்கப் போனார்கள். டீக்கடைப் பலகையில் அன்றைய தலைப்புச் செய்திக்குக் கீழே, எத்தனை மணிக்குக் கழுத்து எந்தப் பக்கம் என்று சாக்பீஸால் எழுதிப் போட்டார்கள்.

எல்லோரையும்விட அதிகம் மனம் குளிர்ந்துபோனவர் ரங்கநாயகி டீச்சர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவர் கட்டிய ஆறு வீடுகளும் தெற்கு பார்த்தவை. வாஸ்து சரியில்லை என்று ஒருவரும் குடிவராமல் பூட்டிக் கிடந்தன. இப்போது துளசிமணி இடது பக்கம் பார்த்து உட்கார்ந்தால் ஆறும் கிழக்கு பார்த்தன. வீடு பார்க்க ஆள் வரும்போதெல்லாம் டீச்சர் அவளைத் தன் வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, கையில் முறுக்கைக் கொடுத்து, "துளசி, அந்தத் தென்னை மரத்தையே பாரு, வேற எங்கயும் பாக்காத" என்பார். வாஸ்துக்காரர் காந்தமுள்ளை வைத்துப் பார்த்துவிட்டு, "சுத்தமான கிழக்கு" என்று எழுதிக் கொடுத்தார். ஒரே மாதத்தில் நாலு வீட்டில் பால் காய்ச்சினார்கள்.

ஊர் இப்படிக் கூத்தும் சிரிப்புமாக இருக்க, துளசிமணிக்கு மட்டும் சோறு தொண்டையில் இறங்கவில்லை. ஏனென்றால் அந்த ஏழு மாடிக் கட்டடத்துக்கு வெளியே, மேலே இருந்து விட்ட கயிற்றில் ஒரு பலகையைக் கட்டி, அதில் உட்கார்ந்து பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தது அவள் வீட்டுக்காரர் வெள்ளிங்கிரி.

வெள்ளிங்கிரிக்குத் தலைசுற்றல் என்றால் என்னவென்றே தெரியாது. கயிற்றில் தொங்கிக்கொண்டே பாட்டுப் பாடுவார், பீடி பற்றவைப்பார், காக்காயோடு பேசுவார். கல்யாணம் ஆகி இருபத்து நாலு வருஷத்தில் துளசிமணி ஒரு நாளும் அவரை வேலை செய்கிற இடத்தில் நிமிர்ந்து பார்த்ததில்லை. சோறு கொண்டுபோனால் தரையைப் பார்த்தபடியே, "ஏனுங், சோறு!" என்று கத்துவாள். நிமிர்ந்து பார்த்தால் தனக்குத் தலை சுற்றும், தனக்குச் சுற்றினால் அவருக்கும் சுற்றிவிடும் என்று ஒரு கணக்கு. இப்போது அந்தக் கணக்கே நிஜமாகிவிட்டது. ஊர் திரும்பும்போது கட்டடம் திரும்பும்; கயிறு உடனே திரும்பாது. வளைவில் பஸ் திரும்பும்போது கம்பியைப் பிடிக்காமல் நிற்பவர் மாதிரி, பலகை வெளியே வீசிவிட்டு அப்புறம்தான் சுவருக்கு வரும்.

இதை அவர் பயமாக எடுத்துக்கொண்டிருந்தாலாவது பரவாயில்லை. அவருக்கு அது ஊஞ்சலாகப் போய்விட்டது. கைக்கு எட்டாத மூலைக்குக் கயிற்றை மாற்றிக் கட்டுவதற்குப் பதிலாக, மேலிருந்தே போன் செய்வார்.

"அம்மிணி, கொஞ்சம் வலக்கைப் பக்கம் திரும்பு."

"மாட்டேன் போங்க."

"ஒரு சாண் திரும்புனாப் போதும். மூலை அதுவா வந்து பிரஷ்ஷுல உக்காந்துக்கும்."

"கவுறு அந்துருச்சுன்னா?"

"அந்துச்சுன்னா அந்துட்டுப் போகுது, நீ கழுத்தைத் திருப்பிப் புடிச்சுக்க."

அவர் சிரிக்கிற சிரிப்பு போனிலும் கேட்கும், ஆகாயத்திலும் கேட்கும். துளசிமணி தலைமேல் நிறைகுடம் இருக்கிறவள் மாதிரி நடந்தாள். எறும்பு கடித்தாலும் குனியவில்லை, யார் கூப்பிட்டாலும் மாட்டுவண்டி திரும்புகிற மாதிரி உடம்போடு திரும்பினாள். எல்லாவற்றையும் அடக்கிவிடலாம், தும்மலை எப்படி அடக்குவது என்பதுதான் அவள் கவலை. மாவு மில்லில் மிளகாய் வாசம் கிளம்பினாலே மூக்கைப் பொத்திக்கொண்டு சாலைக்கு ஓடுவாள்.

மாசி மாதக் கடைசியில் ஒரு நாள் ஓட முடியவில்லை. யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ ஒரு மூட்டை மிளகாய் வந்து இறங்கி அரைபட்டது. துளசிமணி மாடிப்படியில் பாதி இறங்குவதற்குள் தும்மல் வந்தது. பொத்திய கையையும் மீறி மூன்று தடவை வந்தது. மூன்று தடவையும் ஊர் முன்னால் குப்புற விழப்போய் நிமிர்ந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆரவாரம் செய்தார்கள். ஏழாவது மாடியில் வெள்ளிங்கிரி பலகையோடு சாலைக்கு மேலே பறந்து, எதிர்ப்பக்கத்துப் புளியமரத்தின் உச்சிக் கொழுந்தைத் தொட்டு, திரும்பிப் பறந்து சுவரில் மோதாமல் காலை ஊன்றி நின்றார். பெயின்ட் வாளி மட்டும் திரும்பவில்லை. நடுச்சாலையில் விழுந்து வெடித்து, ஓர் ஆள் கையையும் காலையும் விரித்துக் கிடக்கிற மாதிரி வெள்ளையாகப் பரவியது.

துளசிமணி அதைத்தான் பார்த்தாள். அதைப் பார்த்துக்கொண்டே படியில் உட்கார்ந்தாள். வெள்ளிங்கிரி இறங்கி வந்து, புளியங்கொழுந்தை வாயில் போட்டு மென்றுகொண்டே, "இன்னொன்னு தும்மு அம்மிணி, பூவும் பறிச்சுட்டு வந்தர்றேன்" என்று சொன்னபோதும் அவள் அந்த வெள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அழும்போதுகூடத் தலையை ஆட்டாமல் அழுதாள்.

நிலோஃபர் அவளை மேலே கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள். கண்ணுப்பெட்டியை எடுத்து மாட்டினாள், கழற்றினாள், மறுபடி மாட்டினாள்.

"எல்லாமே இயற்கையாத்தான்க்கா வெச்சோம். கழுத்து, கண்ணு, தூரம், கிட்ட. எதை விட்டோம்னுதான் தெரியல."

துளசிமணி மூக்கைச் சிந்தினாள். சிந்திய கை அப்படியே நின்றது.

"மூக்க உட்டுட்டீங்க கண்ணு."

"என்னது?"

"இதுக்குள்ள போனா எல்லாந் தெரியுது, என்ற மூக்கு மட்டுந் தெரியறதில்ல. வெளிய அப்படியா? எங்க பாத்தாலும் மூக்கோட நுனி கண்ணோரத்துல நிக்குமே, மூக்குத்தி மின்னிட்டே இருக்குமே. அது அசையாம நிக்கும், மத்ததெல்லாம் அசையும். முப்பத்தி நாலு வருசமா நான் எங்க முடியறேன், ஊரு எங்க ஆரம்பிக்குதுன்னு அதை வெச்சுத்தான் எனக்குத் தெரியும். நீங்க அதைக் கழட்டச் சொன்னீங்க. ஊருக்கு வெவரம் புரியாம எங்கூட வந்துருச்சு."

நிலோஃபர் ஒரு கண்ணை மூடித் தன் மூக்கைப் பார்த்தாள். இன்னொரு கண்ணை மூடிப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த பிள்ளைகளும் பார்த்தார்கள். அன்று டீ கொண்டுவந்தவர் உள்ளே நுழைந்தபோது, பன்னிரண்டு பேரும் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, பிறந்ததிலிருந்து கூடவே இருந்த ஒன்றைப் புதிதாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

துளசிமணி ஊக்கிலிருந்து மூக்குத்தியை எடுத்துப் போடப்போனாள். போக இடமில்லை. மூன்று மாதத்துக்கு மேல் வெறுமையாகக் கிடந்து துளை தூர்ந்துவிட்டிருந்தது. மறுபடி குத்த வேண்டும்.

விஷயம் தெரிந்ததும் கோயில் முன்னால் ஊர் கூடிவிட்டது. மூக்குத்தி ஏறிவிட்டால் ஊர் நின்றுவிடும். குத்துகிற நேரத்தில் கழுத்து எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமே நின்றுவிடும் என்று பேசிக்கொண்டார்கள். அது எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.

"அப்ப இடது பக்கம் பாத்துட்டுக் குத்திக்கோ துளசி" என்றார் ரங்கநாயகி டீச்சர். "இன்னும் ரெண்டு வீடு கிடக்குது. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"அம்மன் மலையப் பாத்து உக்காந்தவ, அவளைக் கொண்டுபோய்ப் பஸ் ஸ்டாண்டைப் பாக்க வெக்கறதா?" என்றார் பூசாரி.

"எங்களுக்கும் பழைய பக்கமே போதும்" என்றார் மோதினார். "பள்ளி பூராவும் தொழுகைக்குக் கோடு போட்டு வெச்சிருக்கோம்."

"எதுக்கு இப்பவே குத்தோணும்? வடகம் சீசன் முடியட்டுமே" என்றாள் ஒருத்தி.

துளசிமணி எழுந்து நின்றாள். இத்தனை பேர் முன்னால் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. கழுத்தை ஆட்டாமல் பேசியதால் கோபமாகப் பேசுகிற மாதிரி இருந்தது.

"எனக்குக் கெழக்கும் தெரியாது மேக்கும் தெரியாதுங். என்ற வூட்டுக்காரரு கவுத்துல தொங்கறாரு. அவரு பொழுதோட காலாற நடந்து வூட்டுக்கு வரோணும். அவ்வளவுதானுங். பழையபடி நேராப் பாத்துத்தான் குத்திக்குவேன்."

டீச்சர் எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்து வந்து துளசிமணி காதில், "ஒரு விரக்கடையாவது?" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சபாபதி ஆசாரியின் பட்டறையில் குத்துவது என்று ஏற்பாடு. சுருக்கென்று குத்தும்போது யாரானாலும் ஒரு துள்ளல் துள்ளுவார்கள், அந்தத் துள்ளலுக்கு ஊர் எவ்வளவு துள்ளும் என்று யாருக்கும் தெரியாததால், காலையிலிருந்தே வேலைகள் நடந்தன. அண்டாக்களைத் தூணோடு கட்டினார்கள். கோழிகளைக் கூடையால் மூடினார்கள். மாவு மில்லை நிறுத்தி, மிளகாய் மூட்டைகளை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்தார்கள். இரண்டு பஸ்கள் ஊர் எல்லையில் நிற்க, கண்டக்டர்கள் இறங்கி வேடிக்கை பார்க்க வந்தார்கள். தொட்டில் பிள்ளைகளைத் தாய்மார் மடியில் வைத்துக்கொண்டார்கள். வெள்ளிங்கிரி தரையில் இருப்பதாகத் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார்.

துளசிமணி பட்டறை வாசலில் முக்காலியில் உட்கார்ந்தாள். பட்டறைக்கு எதிரே வலது பக்கம் அந்த ஏழு மாடிக் கட்டடம். நிலோஃபர் பின்னால் நின்று தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னைப் பாரும்மா, வேற எங்கயும் பாக்காத" என்று ஆசாரி ஊசியை எடுத்தார். ஊசிமுனை மூக்கைத் தொட்டது.

அப்போது மேலே இருந்து, ஆகாயத்திலிருந்து, குரல் வந்தது.

"அம்மிணி! குத்தியாச்சா?"

ஊரே மூச்சை இழுத்தது. வெள்ளிங்கிரி ஏழாவது மாடியில் தொங்கிக்கொண்டிருந்தார். நாளையிலிருந்து சுவர் அவரிடம் வராது, கயிற்றை மாற்றிக் கட்ட வேண்டும், கடைசியாக ஒரு நீலக் கோடு பாக்கி, அதை முடித்துவிடலாம் என்று போயிருந்தார்.

துளசிமணியின் உடம்பில் இருந்த அத்தனை நரம்பும் வலது பக்கம் இழுத்தது. நிமிர்ந்து பார், நிமிர்ந்து பார் என்று இழுத்தது. பார்த்தால் போச்சு. பஸ்ஸுக்குப் பயந்தவள், லிஃப்டுக்குப் பயந்தவள், ஊஞ்சலுக்கும் தும்மலுக்கும் பயந்தவள், அந்தப் பயம் எல்லாவற்றையும் அள்ளிக் கழுத்துக்குள் போட்டுக் கெட்டித்துக்கொண்டு, இரண்டு கண்ணையும் தன் மூக்கின் நுனிக்குக் கொண்டுவந்து, அங்கே மட்டும் பார்த்தாள்.

"குத்துங்க" என்றாள் ஆசாரியிடம்.

சுருக்கென்றது. எவ்வளவு கெட்டித்தும் ஒரு விரற்கடை துள்ளினாள். ஊரும் ஒரு விரற்கடை துள்ளியது. அண்டாக்கள் கயிற்றுக்குள் முனகின, கூடைக்குள் கோழிகள் ஒரே குரலில் கத்தின, பலகை ஒரு விரற்கடை ஆடி நின்றது. ஆசாரி மூக்குத்தியைச் செலுத்தித் திருகினார். துளசிமணியின் வலது கண்ணோரத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்து உட்கார்ந்தது.

யாரும் அசையவில்லை. நிலோஃபர், நடந்த சட்டமெல்லாம் மறந்துபோய், குனிந்து கேட்டாள்: "வலிக்குதாக்கா?"

துளசிமணி ஆமாம் என்று தலையை இரண்டு பக்கமும் நன்றாக ஆட்டினாள்.

நாலு தெருவிலும் எல்லோரும் கம்பத்தைப் பிடித்தார்கள், தூணைப் பிடித்தார்கள், ஒருவரையொருவர் பிடித்தார்கள். ஊர் நின்ற இடத்தில் நின்றது. கரண்டுக் கம்பி ஆடவில்லை. டீக்கடை பெஞ்சில் வைத்த டீ தளும்பவில்லை. அதைப் பார்த்து எல்லோருக்கும் அப்படி ஓர் ஆச்சரியம். "அட, ஊரு நிக்குதே!" என்று பூசாரி தரையைக் காலால் தட்டிப் பார்த்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மட்டும், இனி ஊர் ஆடாதே என்று அழுதார்கள்.

அந்த ஒரு விரற்கடை அப்படியே தங்கிவிட்டது. டீச்சர் வீடுகளை வாஸ்துக்காரர் மறுபடி வந்து அளந்துவிட்டு, தெற்கு என்றும் சொல்ல முடியாது, கிழக்குக் காற்று படுகிற தெற்கு என்று எழுதிக் கொடுத்தார். மிச்சம் இரண்டு வீட்டுக்கும் ஆள் வந்தது. மோதினார் கோட்டை அழித்து ஒரு விரற்கடை தள்ளிப் போட்டார். ஏழு மாடிக் கட்டடத்தின் உச்சியில் நேராகப் போகிற நீலக் கோட்டில் ஓர் இடத்தில் முடி வளைந்த மாதிரி ஒரு சிறு வளைவு உண்டு. அது இன்றும் இருக்கிறது. நிலோஃபர் கண்ணுப்பெட்டிக்குள் கண்ணோரத்தில் ஒரு மூக்கை வைத்தாள். வேண்டுகிறவர்களுக்கு மூக்குத்தியும் உண்டு. முதல் வளைவில் வாந்தி எடுத்த பெரியவர் மலையுச்சி வரை போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு, இறங்கமாட்டேன் என்றார்.

வெள்ளிங்கிரிக்கு அன்று வீட்டில் கிடைத்த பேச்சை எழுத முடியாது. சிரித்துக்கொண்டேதான் வாங்கிக்கொண்டார். "நீ அசையமாட்டேன்னு தெரியும் அம்மிணி, அதான் ஏறினேன்" என்றார். அதற்கு அவள் மேலும் ஒரு மணி நேரம் பேசினாள்.

ஆனால் துளசிமணிக்கு மனசு ஆறவில்லை. ஒரு மூக்குத்திதானே? குளிக்கும்போது திருகு நழுவினால்? சளி பிடித்துத் துளை புண்ணாகிக் கழற்றச் சொன்னால்? அடுத்த வெள்ளிக்கிழமை, யாருக்கும் சொல்லாமல், சபாபதி ஆசாரியிடம் போய் இடது பக்கமும் குத்திக்கொண்டாள். இரண்டு திருகையும் கழற்ற முடியாதபடி பற்றவைத்துவிடச் சொன்னாள். "இனிக் கழட்டவே முடியாதும்மா" என்றார் ஆசாரி. "அதுக்குத்தானுங்" என்றாள்.

பட்டறையை விட்டு வெளியே வந்தாள். எதிரே மேலே பாட்டுச் சத்தம் கேட்டது. கரண்டுக் கம்பத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் வலது மூக்கைத் தொட்டுப் பார்த்தாள், இடது மூக்கைத் தொட்டுப் பார்த்தாள், இரண்டும் இருந்தன. அதற்கப்புறம்தான் கழுத்தை நிமிர்த்தி, இருபத்து நாலு வருஷத்தில் முதல் தடவையாக, அவர் வேலை செய்வதைப் பார்த்தாள்.